மட்டி வாழைக்குக் குடுவையில் கன்று

[காட்சி: மார்த்தாண்டம் சந்தை. ஏத்தன், செந்துளுவன் குலைகளுக்கு நடுவே சிறிய மட்டிக் குலைகள்.]

குரல்: கன்னியாகுமரி மாவட்டத்தின் கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் கைக்குழந்தைக்கும் ஊட்டுகிற பழம் மட்டி. 2023இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயர் நிலைக்க வேண்டுமானால் நோயற்ற கன்று வேண்டும். அதற்கு ஒரு வழி, வாழையின் சிறு துண்டை ஆய்வகக் குடுவையில் வளர்த்துக் கன்றாக்கும் திசு வளர்ப்பு.

வாழையை நாம் விதைப்பதில்லை; பக்கக்கன்றைப் பெயர்த்து நடுகிறோம். கிழங்கோடு கூன்வண்டின் புழுவும் நூற்புழுவும் ஒட்டிக்கொண்டு வரும். அவற்றைவிடக் கொடியது முடிக்கொத்து நோய். இலைகள் குறுகி உச்சியில் கொத்தாக நிமிரும், காம்பில் கரும்பச்சைக் கோடுகள் தெரியும், இளமையில் தாக்கினால் குலையே தள்ளாது. இது வைரஸ் நோய். அதைச் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியும் பரப்பும், நோயுள்ள கன்றும் பரப்பும். சிறுமலையிலும் கீழ்ப்பழனி மலைகளிலும் மலைவாழைத் தோட்டங்களைப் பெருமளவு அழித்தது இதுதான்.

[காட்சி: ஆய்வக மேசை. கத்தியும் இடுக்கியும் பிடித்த கைகள், மிக அருகில்.]

குரல்: ஈட்டிபோல் குறுகிய இலையுள்ள பக்கக்கன்றை மண் போகக் கழுவி, மட்டையை ஒவ்வொன்றாக உரிக்கிறார்கள். நடுவே வளர்முனை, புது இலைகள் பிறக்கும் நுனி. அதைச் சுற்றி இரண்டு மூன்று சென்டிமீட்டர் மட்டும் விட்டு, கிருமிநீக்கக் கரைசலில் அமிழ்த்தி, இன்னும் சிறிதாக நறுக்குகிறார்கள். வெட்டிய இடம் பழுப்பாவதைப் பாருங்கள். குலை வெட்டுகிறவர் வேட்டியில் படிந்து எந்தச் சோப்புக்கும் போகாத அதே வாழைக்கறைதான். துண்டுக்குச் சத்து தரும் வளர்ப்பு ஊடகத்தில் இறங்கினால் ஊடகம் கறுத்து, துண்டும் செத்துவிடும். அதனால் முதல் வாரங்களில் அடிக்கடி புது ஊடகத்துக்கு மாற்றுகிறார்கள். அலுப்பான வேலை, ஆனால் கன்று பிழைப்பது இங்கேதான்.

ஊடகம், முராஷிகே, ஸ்கூக் என்ற இரு அறிவியலாளர்கள் 1962இல் வெளியிட்ட சேர்மானம். உப்புகள், வைட்டமின்கள், லிட்டருக்கு 30 கிராம் சர்க்கரை, கெட்டியாக்க அகர். கூடவே இரண்டு பயிர் வளர்ச்சி ஊக்கிகள்: சைட்டோகைனின் கூடினால் குருத்து பல்கும், ஆக்சின் கூடினால் வேர் பிடிக்கும்.

[காட்சி: விளக்கொளியில் வரிசை வரிசையாகக் குடுவைகள்.]

குரல்: ஏறத்தாழ 25 டிகிரி வெப்பம், நாளுக்கு 16 மணி நேர வெளிச்சம். மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை குருத்துகளைப் பிரிக்கிறார்கள். ஒன்று மூன்றாகிறது என்று வைத்துக்கொண்டால் எட்டாம் சுற்றில் 6,561. அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது. பிரிக்கப் பிரிக்க, குட்டையானதும் இலை வெளுத்துப் பட்டை விழுந்ததுமாக மாறுகன்றுகள் பெருகும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். திசு வாழை என்றாலே நோய் வராது என்கிற பேச்சை நம்பாதீர்கள். வண்டும் நூற்புழுவும் நீங்கும், உண்மை. தாயில் வைரஸ் இருந்தால் அது கன்றுகளுக்கும் வந்துவிடும். ஒரு தவறான தாய், ஆயிரக்கணக்கான தோட்டக்குழிகளில் நோய். தாய்வாழையைச் சோதித்த பிறகே கத்தியை எடுக்க வேண்டும். மத்திய அரசின் உயிரித்தொழில்நுட்பத் துறை 2006இல் திசு வளர்ப்புக் கன்றுகளுக்குச் சான்றளிப்பு முறை கொண்டுவந்திருக்கிறது. கன்று வாங்கும்போது வைரஸ் சோதனைச் சான்றைக் கேளுங்கள், காட்டத் தயங்கினால் வாங்காதீர்கள். பூஞ்சையால் வரும் பனாமா வாடல் நோய்க்கும் குடுவை மருந்தல்ல. அந்தப் பூஞ்சை உங்கள் மண்ணில் இருந்தால் புதுக்கன்றையும் தாக்கும்.

[காட்சி: நிழல்வலைக் குடில். பைகளில் இளங்கன்றுகள்.]

குரல்: குடுவையிலிருந்து வந்த இலையில் மெழுகுப்பூச்சு மிகக் குறைவு, இலைத்துளைகளும் சரியாக மூடாது. வெயிலில் வைத்தால் அன்றே துவண்டுவிடும். முதலில் ஈரக்காற்று நிறைந்த குடில், பிறகு நிழல்வலை என்று ஏறத்தாழ இரண்டு மாதம் பழக்க வேண்டும். ஓரடி உயரமும் ஐந்தாறு இலையும் வந்தால் நடலாம்.

நடுவதற்கு முன் பக்கத்துத் தோட்டத்தையும் ஒரு சுற்றுப் பாருங்கள். முடிக்கொத்து வந்த வாழை நின்றால், உரியவரிடம் பேசிக் கிழங்கோடு அகற்றச் செய்யுங்கள். வெட்டும் முன்பே அசுவினிக்கு மருந்தடித்துவிட வேண்டும். இல்லையென்றால், மரம் சாய்ந்ததும் அவை உங்கள் இளங்கன்றுகளுக்குத் தாவிவிடும்.