விருந்துக்கு வரும் நமஹகே

நேயர்களுக்கு வணக்கம். ஜப்பானின் அகிதா மாகாணத்தில், கடலுக்குள் நீண்டு கிடக்கிறது ஓகா தீபகற்பம். கோர முகமூடி அணிந்து வீடு வீடாக வரும் உருவத்துக்கு அங்கே நமஹகே என்று பெயர். ஆண்டுதோறும் பிப்ரவரியில் மூன்று இரவுகள் அங்கே நமஹகே செடோ விழா நடக்கிறது. அகிதா நகரிலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம், பிறகு பஸ். விழா நடக்கும் ஷின்சான் கோயில் வளாகமெங்கும் பனி. நடுவே கொழுந்துவிட்டு எரியும் விறகுத் தீ. முகத்தில் அனல் அடிக்கும், முதுகு விறைத்துப்போகும்.

பூசை செய்த முகமூடியைக் கோயில் படிகளில் வாங்கி அணிந்ததும் ஊர் இளைஞர்கள் நமஹகே ஆகிவிடுகிறார்கள். உறுமிக்கொண்டே மலைக்குள் மறைகிறார்கள். பின்னர் தீப்பந்தங்களோடு அவர்கள் இறங்கிவரும் காட்சியைத்தான் எல்லோரும் படம் பிடிக்கிறார்கள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் இந்த விழா 1964-இல்தான் தொடங்கியது. மூலச் சடங்கு டிசம்பர் 31 இரவில் வீடுகளுக்குள் நடப்பது. 2018-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றதும் அதுதான்.

அந்தச் சடங்கை விழாவில் நடித்துக் காட்டுகிறார்கள். என்னைக் கட்டிப்போட்டது அதுதான். முதலில் ஒருவர் போய் வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்கிறார். அந்த ஆண்டில் சாவு விழுந்த வீட்டுக்குள் நமஹகே நுழைவதில்லை. வைக்கோல் ஆடையும் மரக்கத்தியுமாக உள்ளே வந்ததும், தரை அதிர ஏழு முறை மிதிக்கிறது. “அழுகிற பிள்ளை இருக்கிறதா?” என்று கத்திக்கொண்டு மூலைமுடுக்கெல்லாம் தேடுகிறது. கத்தி எதற்கு என்கிறீர்களா? குளிர்காலம் முழுக்கக் கணப்பருகே சோம்பிக் கிடப்பவன் காலில் சூட்டுக் கொப்புளம் காணும். அதை உரித்தெடுக்கத்தான்!

இவ்வளவு ஆர்ப்பாட்டத்துக்குப் பிறகு வீட்டுக்காரர் அதை உட்காரவைத்து, சாக்கே என்னும் அரிசி மது ஊற்றிக் கொடுக்கிறார். பேரம் தொடங்குகிறது. பையன் படிப்பதே இல்லையாமே என்று நமஹகே குற்றம் சாட்ட, என் பிள்ளை நல்ல பிள்ளை என்று அப்பா விட்டுக்கொடுக்காமல் வாதாடுகிறார். நம் பூச்சாண்டி பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போக வருபவன். இதுவோ நல்ல விளைச்சலுக்கும் உடல்நலத்துக்கும் வாழ்த்திவிட்டுப் போகும் தெய்வம். ஆனால் அலறும் பிள்ளைக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? இவ்வளவு பெரிய கோர உருவத்தின் எதிரே, தனக்காக அப்பா அசராமல் உட்கார்ந்திருப்பதுதான் அதற்குத் தெரியும்.

இன்று சில ஊர்களில் முகமூடி அணிய இளைஞர்கள் இல்லை. பயப்படக் குழந்தைகளும் இல்லை.

போக நினைப்பவர்களுக்கு ஒன்று. ஆடையிலிருந்து தானாக உதிரும் வைக்கோல் நோய் தீர்க்கும் என்பது நம்பிக்கை, பிடுங்காதீர்கள். பிப்ரவரியில் போக முடியாவிட்டாலும், கோயிலுக்கு அருகே ஒரு பழைய பண்ணை வீட்டில் மற்ற மாதங்களிலும் இந்தப் பேரத்தை நடித்துக் காட்டுகிறார்கள். அங்கே முன்வரிசையில் உட்காருங்கள்.