மார்பகப் புற்றுநோயும் மாட்யூல்களும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

புற்றுநோய் ஆய்வில் இயற்கணிதத்துக்கு என்ன வேலை என்று கேட்டுத்தான் என்னை இங்கே அழைத்திருக்கிறார்கள். சின்ன வேலைதான். ஆனால் அதை வேறு யாராலும் செய்ய முடியாது.

முதலில் வளையம். கூட்டல், கழித்தல், பெருக்கல் மூன்றையும் தாராளமாகச் செய்யலாம், வகுத்தலுக்கு மட்டும் உத்தரவாதம் கிடையாது என்றால் அந்த அமைப்பு ஒரு வளையம். முழு எண்கள் ஒரு வளையம். ஒரே மாறியில் எழுதும் பல்லுறுப்புக்கோவைகளும் அப்படித்தான். பள்ளியில் திசையன்களை எண்களால் பெருக்கினோமே, அங்கே எண்களுக்குப் பதில் ஒரு வளையத்தின் உறுப்புகளை வைத்தால் கிடைப்பது மாட்யூல். வகுக்க முடியாததால் இங்கே ஒரு விசித்திரம் நடக்கும். பூச்சியமே இல்லாத ஒன்றை மாறியால் திரும்பத் திரும்பப் பெருக்கிக்கொண்டே போனால் ஏதோ ஒரு படியில் அது பூச்சியமாகிவிடலாம். திசையன்களை எண்களால் பெருக்கும்போது இது நடக்காது. இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, கட்டிக்கு வருவோம். நம் உயிரணுவில் பெரும்பாலான மரபணுக்களுக்கு இரண்டிரண்டு பிரதிகள் இருக்கும். புற்றணுவில் இந்தக் கணக்கு குலைந்துவிடுகிறது. சில பகுதிகள் பல மடங்காகப் பெருகும், சில காணாமல் போகும். 17-ஆம் குரோமோசோமில் உள்ள ஹெர்2 மரபணு இதற்குப் பேர்போனது. மார்பகப் புற்றுநோய்களில் சுமார் 15 முதல் 20 சதவீதத்தில் இது அளவுக்கு மீறிச் செயல்படுகிறது, பெரும்பாலும் பிரதிகள் பெருகிவிடுவதால். அதைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் மருந்துக்கு 1998-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. எந்தப் பகுதி பெருகியிருக்கிறது என்று தெரிந்தால் சிகிச்சையே மாறும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஹெர்2 பெருகினால் அளவீட்டில் பளிச்சென்று தெரிந்துவிடும். லேசாக மாறும் பகுதிகள்தான் அளவீட்டின் இரைச்சலுக்குள் ஒளிந்துகொள்கின்றன.

ஹாவியர் அர்சுவாகா என்று ஓர் ஆய்வாளர். கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் கணிதத் துறை, மூலக்கூறு உயிரியல் துறை இரண்டிலும் இருப்பவர். இவரும் கூட்டாளிகளும் 2010 வாக்கில் ஒரு வழி சொன்னார்கள். குரோமோசோமில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு இடங்களின் அளவுகளை, அதாவது இயல்பிலிருந்து எவ்வளவு கூடுதல், எவ்வளவு குறைவு என்பதை எடுத்து, தளத்தில் ஒரு புள்ளியாக வையுங்கள். இப்படியே நகர்ந்துகொண்டு போனால் புள்ளிக் கூட்டம் ஒன்று கிடைக்கும். பிரதிகள் சரியாக இருந்தால் எல்லாம் ஆதிப்புள்ளியைச் சுற்றியே கிடக்கும். ஒரு பகுதி பெருகியிருந்தால் சில புள்ளிகள் விலகி நிற்கும். இப்போது ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் ஒரு வட்டம் வரைந்து ஆரத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். சிமெண்ட் தரையில் மழைத்துளிகள் பரவிச் சேர்வதுபோல வட்டங்கள் ஒட்டிக்கொண்டு துண்டுகள் குறையும். விலகி நிற்பவை தாமதமாகத்தான் சேரும்.

எந்த ஆரம் சரியான ஆரம்? அப்படி ஒன்று இல்லை. சிறிதாக வைத்தால் எல்லாமே தனித்தனி, பெரிதாக வைத்தால் எல்லாமே ஒன்று. ஆகவே எல்லா ஆரங்களையும் வைத்துக்கொள்ள வேண்டும். வளையம் உள்ளே நுழையும் இடம் இதுதான். ஒவ்வொரு ஆரத்திலும் உள்ள துண்டுகளைத் திசையன்களாக எடுத்துக்கொண்டு கூட்டிக் கழித்தால், அந்த ஆரத்துக்கு ஒரு திசையன் வெளி கிடைக்கிறது. ஆரம் ஒரு படி கூடுவதை மாறியால் பெருக்குவதாக எடுத்துக்கொண்டால், எல்லாம் சேர்ந்து பல்லுறுப்புக்கோவை வளையத்தின் மேல் ஒரே மாட்யூல் ஆகிவிடுகிறது. இரண்டு துண்டுகள் ஒட்டும்போது அவற்றின் வித்தியாசம் பூச்சியமாகிறது. நினைவில் வைக்கச் சொன்ன விசித்திரம் இதுதான்.

அப்புறம் இயற்கணிதத்தின் பழைய தேற்றம் ஒன்று கைகொடுக்கிறது. ஒரே மாறி கொண்ட இந்த வளையத்தின் மேல், முடிவுள்ள எண்ணிக்கையில் உறுப்புகளால் உண்டாகும் எந்த மாட்யூலையும் எளிய துண்டங்களாக உடைக்கலாம், அதுவும் ஒரே ஒரு விதமாகத்தான். ஒவ்வொரு துண்டத்துக்கும் ஒரு பிறப்பு, ஓர் இறப்பு. அவற்றைக் கோடுகளாக வரைந்தால் பார்கோடு. சோமரோடியன், கார்ல்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2005-இல் இதைத் தெளிவாக எழுதினார்கள். அதே தரவைக் கொடுத்தால் எந்த ஆய்வகத்திலும் அதே பார்கோடுதான் வரும்.

உண்மையைச் சொன்னால், துண்டுகளை மட்டும் எண்ணுவதற்கு இத்தனை ஆயுதம் தேவையில்லை. எல்லாத் துண்டுகளும் ஒரே நேரத்தில் பிறக்கின்றன, எண்ணிக்கையே போதும். வட்டங்கள் ஒட்டிக்கொண்டு நடுவே ஓர் இடைவெளியை வளைத்துக்கொள்ளும் ஓட்டைகள் வந்தால்தான் சிக்கல். இந்த ஆரத்தில் மூன்று ஓட்டை, அடுத்த ஆரத்திலும் மூன்று ஓட்டை. அதே மூன்றா, பழையவை மூடிப் புதியவை திறந்தனவா? எண்ணால் பதில் சொல்ல முடியாது. வெறும் எண்களை விட்டுவிட்டு அவற்றின் பின்னால் உள்ள குலங்களை, அதாவது கூட்டிக் கழிக்கக்கூடிய அமைப்புகளைப் பாருங்கள் என்று 1920-களின் நடுவில் ஜெர்மனியின் கோட்டிங்கனில், வடிவங்களின் ஒட்டலையும் ஓட்டைகளையும் ஆராயும் இடத்தியல்காரர்களுக்குச் சொன்னவர் கணிதவியலாளர் எம்மி நோதர். வளையங்களைப் பற்றிய அவருடைய பெரிய கட்டுரை வந்தது 1921-இல்.

இந்தப் பேச்சு வந்தாலே 2011-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றையும் சொல்வார்கள். மோனிகா நிக்கோலாவ், கார்ல்சன், புற்றுநோயைத் தடுக்கும் பி53 புரதத்தைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான ஆர்னல்ட் லெவின் மூவரும் செய்தது. சி-மிப் மரபணு அதிகம் செயல்படும் ஒரு தனிக் குழுவை மார்பகக் கட்டிகளுக்குள் கண்டுபிடித்தார்கள். கட்டிகளில் 7.5 சதவீதம். அந்தத் தரவில் இந்தக் குழுவினர் எல்லோரும் உயிர் பிழைத்திருந்தார்கள். அருமையான வேலை. ஆனால் இதை மாட்யூல்களின் வெற்றி என்று எழுதுவதை நான் ஏற்க மாட்டேன். அங்கே பயன்பட்டது மேப்பர் என்ற வேறு இடத்தியல் கருவி, பார்கோடு கிடையாது.

எங்கள் துறை இப்போது திணறுவது வேறோர் இடத்தில். இரைச்சலை நீக்க ஆரத்தோடு புள்ளிகளின் அடர்த்தியையும் சேர்த்து மாற்றிப் பார்க்க வேண்டியிருக்கிறது. மாறிகள் இரண்டாகிவிட்டன. வளையத்தின் எந்த உறுப்பால் பெருக்கினாலும் தனக்குள்ளேயே நிற்கும் உட்கூட்டத்துக்கு ஐடியல் என்று பெயர்; ஒவ்வொரு ஐடியலும் ஒரே உறுப்பால் உண்டாகும் என்பதை நம்பித்தான் பழைய தேற்றம் நிற்கிறது. இரண்டு மாறி வளையத்தில், இரண்டு மாறிகளும் சேர்ந்து உண்டாக்கும் ஐடியலை ஒரே உறுப்பால் உண்டாக்க முடியாது. அதோடு பழைய தேற்றமும் போய்விடுகிறது. முழுமையான பார்கோடு இங்கே இருக்கவே முடியாது என்று அதே கார்ல்சனும் சோமரோடியனும் காட்டிவிட்டார்கள். வேகமான கணினி வாங்கினாலும் இது தீராது. அதனால் இரண்டு மாறிகளின் தளத்தில் சாய்வான கோடுகளை வரைந்து, ஒவ்வொரு கோட்டின் மேலும் தனித்தனியாகப் பார்கோடு எடுத்துப் பார்க்கிறார்கள். கோட்டின் மேல் மாறி ஒன்றுதானே, அங்கே பழைய தேற்றம் செல்லும்.

நன்றி, வணக்கம்.