சந்தைக்கு மேலே ஒலிக்கும் மணிகள்

நேயர்களுக்கு வணக்கம். ஊருக்கு நடுவில் இருக்கும் பழைய பங்குக் கோயிலுக்குப் போனால் நாம் என்ன செய்கிறோம்? கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிறோம், உள்ளே ஒரு சுற்றுச் சுற்றுகிறோம், பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுகிறோம். யாரும் உட்காருவதில்லை. அதுதான் என் நெடுநாள் ஆதங்கம். ஆயரின் பேராலயத்தைச் சொல்லவில்லை. சுற்றியுள்ள தெருக்காரர்களுக்கு ஞானஸ்நானமும் கல்யாணமும் அடக்கமும் நடந்த இடம் பங்குக் கோயில். அங்கே அவசரம் ஆகாது.

இங்கிலாந்தில் நாரிச் நகரின் சந்தையை ஒட்டி நிற்கிறது புனித பேதுரு மான்கிராஃப்ட் கோயில். 1430இல் தொடங்கி 1455இல் கட்டி முடித்தார்கள். சந்தைக் கூரைகளுக்கு மேலேயே கோபுரம் தெரியும். அந்தக் கோபுரத்து மணிகளைப் பற்றித்தான் பேச வந்தேன்.

மணி என்றதும் ஏதோ பாட்டு வாசிப்பார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். மணிக்கு ஒரு கயிறு, கயிற்றுக்கு ஓர் ஆள். ஒவ்வொரு தடவையும் மணி தலைகீழாக எழுந்து முழுச் சுற்றுச் சுற்றி வரும். அத்தனை பாரத்தை நினைத்த நேரத்தில் அடிக்க முடியுமா? கொஞ்சம் முந்தலாம், கொஞ்சம் பிந்தலாம், அவ்வளவுதான். அதனால் அடிக்கும் வரிசையில் ஒரு மணி தன் பக்கத்து மணியோடுதான் இடம் மாற முடியும். இந்தத் தடையிலிருந்துதான், மணிகள் அடிக்கும் வரிசையைச் சுற்றுக்குச் சுற்று மாற்றிக்கொண்டே போகும் ஒரு கலையே பிறந்தது.

ஏழு பேரை வரிசையாக நிறுத்துங்கள். வரிசையை எத்தனை விதமாக மாற்றலாம்? 5040 விதம். ஏழு மணிகளுக்கும் அதே கணக்குதான். 1715 மே 2ஆம் தேதி இந்தக் கோபுரத்தில், ஒரு வரிசைகூட மறுபடி வராமல், அந்த 5040ஐயும் அடித்து முடித்தார்கள். 3 மணி நேரம் 18 நிமிடம் ஆயிற்று! கையில் தாள் வைத்துக்கொள்ளும் வழக்கம் இந்தக் கலையில் கிடையாது. தன் மணி போகும் வழி அவரவர் மனதில் இருக்க வேண்டும். எண்ணிப் பாருங்கள்: கீழே சந்தையில் பேரம் நடக்கிறது, மேலே மூன்று மணி நேரத்துக்கும் மேலாகக் கயிறு கை மாறாமல் இறங்கி ஏறுகிறது. அப்படி முழுமையாக அடித்ததாகப் பதிவாகியிருப்பதில் அதுதான் முதலாவது.

இதை எப்படிக் கேட்பது? மறுபடியும் சொல்கிறேன், உட்காருங்கள். வெளியே, சந்தைப் பக்கமாகவே உட்காருங்கள். முதலில் வெறும் இரைச்சலாகத்தான் இருக்கும். இருப்பதிலேயே கீச்சென்று ஒலிக்கும் சின்ன மணியை மட்டும் காதில் பிடித்துக்கொள்ளுங்கள். முதலாவதாக அடிக்கும், அப்புறம் இரண்டாவதாக, மூன்றாவதாக என்று கடைசிவரை போய், வந்த வழியே திரும்பும். அது பிடிபட்ட நொடியில் இரைச்சல் விலகிவிடும். எனக்கு அது பிடிபட ஒரு முழு மாலை ஆயிற்று. அந்த மாலையை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

உள்ளே மருத்துவரும் எழுத்தாளருமான சர் தாமஸ் பிரௌனின் கல்லறை இருக்கிறது. 1682இல் அடக்கம் செய்தார்கள். 1840இல் சவப்பெட்டி திறபட்டு மண்டையோடு வெளியே போய்விட்டது. 1922இல்தான் கோயிலுக்குத் திரும்பியது. அந்தக் கதைக்கே ஒரு தனி உரை வேண்டும்.

கண்ணாடிக்குள்ளிருந்து நிலையத்தார் கை காட்டுகிறார்கள். கீழ்த்திசைச் சன்னலைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். 1648இல் ஊருக்குள் வெடிமருந்து வெடித்தபோது சிதறியதில் மிஞ்சிய பழைய வண்ணக் கண்ணாடிகளை அதில் சேர்த்திருக்கிறார்கள். காலையில் போங்கள், வெயில் அந்தப் பக்கம் விழும்போது. நன்றி, வணக்கம்.