கோழிக்கு எத்தனை எழுத்து?

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

முப்பது வருஷத்துக்கு மேல் தொடக்கப்பள்ளி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஊராட்சி ஒன்றியப் பள்ளி. ஐந்து வகுப்பு, இரண்டே டீச்சர். எழுதப் பழக்குவதைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். எனக்கே தாமதமாகப் புரிந்த ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

2021 நவம்பர் 1. கொரோனாவால் ஒன்றரை வருஷத்துக்கு மேல் பூட்டிக்கிடந்த தொடக்கப் பள்ளிகளைத் தமிழ்நாட்டில் அன்றைக்குத்தான் திறந்தார்கள். மூன்றாம் வகுப்பில் ஒரு பெண். ஒன்றாம் வகுப்பையே முழுசாக முடிக்காமல் வீட்டுக்குப் போனவள். பலகையில் 'மழை பெய்தது. குளம் நிறைந்தது' என்று எழுதிப் போட்டேன். அச்சு மாதிரி எழுதிக்கொண்டு வந்தாள். "வாசிம்மா" என்றேன். முழித்தாள்.

நோட்டை உற்றுப் பார்த்தால் 'குளம்' என்ற சொல்லுக்குக் கீழே ஒரு சின்னக் கோடு. இது எங்கிருந்து வந்தது? திரும்பிப் பலகையைப் பார்த்தேன். கணக்குப் பாடத்தை அழித்தபோது நான் சரியாக அழிக்காமல் விட்ட கோடு அங்கே இருந்தது. அதையும் சேர்த்து எழுதியிருக்கிறாள். அவளுக்கு 'ள'வும் ஒன்றுதான், அந்தக் கோடும் ஒன்றுதான். இத்தனை வருஷம் நான் சரி போட்டுக் கொடுத்த காப்பி நோட்டுகளில் எத்தனை இப்படி வரைந்தவையோ என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

வீட்டிலும் இதே கதைதான். 'அ'வைப் பத்து தடவை எழுது, 'ஆ'வைப் பத்து தடவை எழுது. உயிரெழுத்து பன்னிரண்டும் முடிந்த பிறகு பிள்ளையால் என்ன சொல் எழுத முடியும்? 'ஈ' எழுதலாம். மாட்டைச் சொல்லும் 'ஆ' எழுதலாம், அதுவும் புலவர் வீட்டுப் பிள்ளையாக இருந்தால். ட, ப, ம மூன்றையும் ஒரு புள்ளியையும் கொடுத்துப் பாருங்கள். படம், பட்டம், மடம், மட்டம் என்று ஒரே வாரத்தில் சொல்லாக வந்து விழும்.

247 எழுத்து என்று மிரட்டவும் வேண்டாம். உயிர், மெய், ஆய்தம் சேர்த்து 31. மீதி 216 உயிர்மெய். பெரும்பாலும் காலும் கொம்பும் சுழியும் சேர்ந்து வருகிறவை. உகர வரிசைதான் தகராறு: கு ஒரு மாதிரி, து ஒரு மாதிரி, பு ஒரு மாதிரி. 1978 எழுத்துச் சீர்திருத்தத்தில் நாங்கள் எழுதிய தும்பிக்கை வைத்த 'லை' போனது, உகரத்தை யாரும் தொடவில்லை.

இப்போது 'கோழி' என்று சொல்லிப் பாருங்கள். வாயில் முதலில் வருவது க். தாளில் முதலில் வருவது கொம்பு. பிள்ளை தன் காதை நம்பி முதலில் 'க' போடும், அதற்குப் பின்னால் கொம்பைப் போடும். காலை மறந்துவிடும். நாம் சிவப்பு மையால் குறுக்கே அடிப்போம். நானும் அடித்திருக்கிறேன். காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது, கண்ணுக்குத்தான் இன்னும் பழக்கமில்லை. ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு குழப்பமும் அப்படித்தான். ஓலைச்சுவடியில் கெ, கே இரண்டும் ஒரே வடிவம். 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர்தான் பிரித்து எழுதினார். அதுவரை புலவர்களே இடம் பார்த்துத்தான் படித்தார்கள். ஆறு வயசுப் பிள்ளை தடுமாறினால் காதைத் திருகலாமா?

பழைய அட்டையில் க, கொம்பு, கால் மூன்றையும் தனித்தனியாக எழுதி வெட்டித் தரையில் போட்டேன். பிள்ளைகள் நகர்த்தி நகர்த்திச் சேர்த்தார்கள். "டீச்சர், ரெண்டு பக்கமும் காவல்காரங்க" என்றான் ஒரு பையன். அதற்குப் பிறகு எங்கள் வகுப்பில் கொம்புக்கும் காலுக்கும் அதுதான் பெயர். "காவல்காரர் ஒருத்தரைக் காணோமே?" என்று கேட்டால் போதும், திருத்திவிடுவார்கள்.

2022இல் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் பழக்க அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலையைப் பார்த்துச் சொல்லிக்கொடுப்பது நல்ல ஏற்பாடுதான். ஆனால் பயிற்சி நூலில் பக்கம் நிரம்பினால் போதும் என்ற அவசரம் நமக்கு வந்துவிடக் கூடாது.

அந்தப் பெண்ணிடம் ஒருநாள் "நேத்து வீட்டுல என்ன விசேஷம்?" என்றேன். "ஆடு குட்டி போட்டுச்சு டீச்சர்." "அதையே எழுது." "பேசுற மாதிரியேவா?" என்று சந்தேகமாகக் கேட்டாள். ஆமாம் என்றேன். வெகுநேரம் குனிந்தே இருந்தாள். எழுதியது இதுதான்:

"எங்க ஆடு ரெண்டு குட்டி பேட்டுச்சு. ஒன்னு செத்துடுச்சு. அம்மா அழுவல. நான் அழுதன்."

பலகையில் இல்லாத நாலு வரி. சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு வாசிக்கச் சொன்னேன். 'பேட்டுச்சு' வந்ததும் நின்றாள். அவளே ஒரு காவல்காரரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு மேலே வாசித்தாள். அழுவல, அழுதன் எல்லாம் அப்படியே இருந்தன. 'அழவில்லை' என்பதை அடுத்த வருஷம் கற்றுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது என் பேத்திக்குப் பழக்குகிறேன். போன வாரம் மளிகைச் சீட்டை அவளையே எழுதச் சொன்னேன். பறுப்பு அரை கிலோ, சக்கர ஒரு கிலோ, தீப்பட்டி ஒன்னு. வல்லின 'ற'வைப் பார்த்தும் வாயைத் திறக்காமல் கடைக்கு அனுப்பிவைத்தேன். பருப்பும் சர்க்கரையும் தீப்பெட்டியும் சரியாக வந்தன. மீதிச் சில்லறையைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "பாட்டி, அண்ணாச்சி நான் எழுதுனதப் படிச்சாரு!"

வணக்கம்.