கமுகம்பாளையும் காலை நடையும்

(நாகர்கோவிலில் ஒரு தெருக் குடியிருப்போர் மாலைக் கூட்டத்தில், ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். தலைவர் என்னைக் கூப்பிட்டபோது, "டாக்டர், நாய் வளர்க்கிறதப் பத்தி நல்லதா நாலு வார்த்தை பேசுங்க" என்றார். நல்லதெல்லாம் உங்களுக்கே தெரியும். அது திருடனைப் பார்த்துக் குரைக்கும், பிள்ளைகளோடு விளையாடும், நாம் ராத்திரி எத்தனை மணிக்கு வந்தாலும் வாலை ஆட்டும். நான் பேச வந்தது அது வெளிக்கு இருக்கிறதை, அதாவது தெருவில் மலம் கழிக்கிறதைப் பற்றி. அந்தப் பக்கம் வடை வந்துவிட்டது, வாசனை வருகிறது. என் பேச்சு முடிகிறவரை அதைத் தொடாதீர்கள், பிறகு என்னைத் திட்டுவீர்கள்.

முதலில் என் கதை. வேலையில் இருந்த காலத்தில் எங்கள் வீட்டு நாயைக் காலை ஐந்தரைக்குக் கூட்டிப்போவேன். நாயைக் கூட்டிப்போவது என்றால் நம் ஊரில் என்ன பொருள்? நம் முற்றத்தில் இருக்காமல் அடுத்தவன் முற்றத்தில் இருந்துவிட்டு வரட்டும் என்பதுதான். அது இருக்கும், நான் வானத்தைப் பார்ப்பேன். முடிந்ததும் சங்கிலியை ஒரு இழுப்பு, அடுத்த தெரு. ஒருநாள் நாலாவது வீட்டு அம்மா அப்போதுதான் கோலம் போட்டுவிட்டு உள்ளே போயிருந்தார். மாவு இன்னும் காயவில்லை. அதன் மேலேயே இருந்துவிட்டது சவம். நான் பார்க்காத மாதிரி திரும்பினேன். வாசலில் இருந்து குரல் வந்தது: "டாக்டரே, ஆஸ்பத்திரியில புழுவுக்கு மருந்து குடுக்கிய. விடிஞ்சா அந்தப் புழுவ எங்க வாசல்ல கொண்டு போடுதிய."

திட்டியிருந்தால் மறந்திருப்பேன். அந்த அம்மா திட்டவில்லை, கணக்குச் சொன்னார். கணக்கு சரியாக இருந்தது.

அந்தப் புழுக் கணக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இதுதான் எனக்குத் தெரிந்த பாடம். நாயின் குடலில் இருக்கும் உருண்டைப்புழு, டாக்ஸோகாரா என்று பெயர், பெண் புழு ஒன்று நாளைக்கு ஒரு லட்சம் முட்டைக்கு மேல் இடும். குட்டிகள் தாயின் வயிற்றிலேயே இதை வாங்கிக்கொண்டு பிறக்கும். அதனால் "எங்க வீட்டுக் குட்டி பாலும் சோறும்தான் தின்னுது, அதுக்கு எங்க புழு" என்று யாரும் சொல்ல வேண்டாம். நல்ல செய்தியும் ஒன்று உண்டு. புதிதாக விழுந்த மலத்தில் இருக்கிற முட்டை அன்றைக்கே யாரையும் பிடிக்காது. மண்ணில் கிடந்து இரண்டு, மூன்று வாரம் முதிர வேண்டும். முதிர்ந்த பிறகு மாதக்கணக்கில், சில நேரம் வருடக்கணக்கில் மண்ணிலேயே கிடக்கும். மலம் மழையில் கரைந்து காணாமல் போயிருக்கும், முட்டை இருக்கும். அந்த மண்ணில் விளையாடின கையைக் கழுவாமல் பிள்ளை வாயில் வைத்தால் புழுக்குஞ்சு ஈரலுக்குப் போகும், நுரையீரலுக்குப் போகும், அபூர்வமாகக் கண்ணுக்கும் போகும். கண்ணுக்குப் போனால் பார்வையே கெடலாம். அன்றைக்கே அள்ளினால் இத்தனையும் இல்லை. நம் கையில் இருக்கிற அவகாசம் அது.

கொக்கிப்புழு இவ்வளவு அவகாசம் தராது. ஒரு வாரத்துக்குள் ஈர மணலில் தயாராகி நிற்கும். வெறுங்காலோடு மிதித்தால் தோலைத் துளைத்துக்கொண்டு ஏறும். நாயின் கொக்கிப்புழு மனிதனுக்குள் ஆழமாகப் போக வழி தெரியாமல் தோலுக்கு அடியிலேயே நெளிந்து கோடு கோடாக ஓடும். அரிப்பு தாங்காது. சங்குத்துறையிலும் சொத்தவிளையிலும் சாயந்தரம் நாயைக் கொண்டுபோய் அவிழ்த்து விடுகிறீர்களே, அங்கே மணலில் உட்கார்ந்து வலை பின்னுகிறவர்கள் செருப்புப் போட்டுக்கொண்டா உட்காருகிறார்கள்?

கொக்கிப்புழு நம் மண்ணுக்குப் புதிதல்ல. நம் ஊர் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த காலத்தில், 1920களின் கடைசியில், ராக்பெல்லர் அறக்கட்டளையின் மருத்துவர்கள் இந்தச் சமஸ்தானத்துக்கு வந்து கொக்கிப்புழுவோடு மல்லுக்கட்டினார்கள். அது மனிதனின் கொக்கிப்புழு, மனிதன் வெளிக்கு இருந்ததால் வந்தது. மழையும் நிழலும் ஈரமண்ணும் உள்ள ஊர், தோட்டத்தில் வெறுங்காலோடு வேலை. புழுவுக்கு வேறு என்ன வேண்டும்? கக்கூஸ் கட்டினோம், செருப்புப் போட்டோம், மருந்து தின்றோம். இத்தனை தலைமுறை பாடுபட்டு நாம் உள்ளே போய் உட்காரப் பழகிவிட்டோம். இப்போது நம் சார்பில் நாயைத் தெருவுக்கு அனுப்புகிறோம்.

"மழை கழுவிடும்" என்று ஒருவர் சொன்னார். நமக்குத்தான் இரண்டு மழை, ஆனியிலும் உண்டு, ஐப்பசியிலும் உண்டு. கழுவும், சரி. கழுவி எங்கே கொண்டுபோகும்? ஓடைக்கு. ஓடை குளத்துக்கு, குளம் பழையாற்றுக்கு. நாம் குளிக்கிற படித்துறைக்குத்தான் அது வந்து சேர்கிறது.

"மாட்டுச்சாணி கிடக்கலியா?" இன்னொருவர் கேள்வி. சாணி புல் தின்கிறதின் கழிவு. முற்றம் மெழுகலாம், வரட்டி தட்டலாம். போட்ட சூட்டோடு எடுக்க ஆள் வரும். நாய் இறைச்சி தின்கிற பிராணி, அதன் கழிவு உரத்துக்கும் ஆகாது. ஒரு காலத்தில் அதற்கும் விலை இருந்தது என்றால் நம்புவீர்களா? தோல் பதனிடுகிறவர்கள் தோலை மெதுவாக்க நாய்ப்பீயைத்தான் பயன்படுத்தினார்கள். லண்டன் தெருக்களில் அதைப் பொறுக்கி விற்றே பிழைத்தவர்கள் இருந்தார்கள். 1907-ல் ஜெர்மனியில் ஓட்டோ ரோம் என்கிற வேதியியலாளர் அதே வேலையைச் செய்கிற நொதிச் சரக்கு ஒன்றைக் கொண்டுவந்தார். அதோடு மார்க்கெட் போயிற்று. இப்போது யாரும் பொறுக்க வரமாட்டார்கள்.

யாரும் வரமாட்டார்கள் என்றேன், அது பொய். நம் தெருவில் ஒருவர் அள்ளுகிறார். காலையில் விளக்குமாறும் வண்டியும் கொண்டு வருகிற தூய்மைப் பணியாளர் அம்மா. இருட்டில் தெரியாமல் விளக்குமாறு அதில் பட்டு, பிறகு அதே விளக்குமாறு ஒவ்வொரு வீட்டு வாசலாக வருகிறது. இதை ஒருநாள் நின்று பாருங்கள். நாய் நம்முடையது, சங்கிலி நம் கையில், அள்ளுவது மட்டும் அந்த அம்மாவா? எனக்கு இந்தக் கூட்டத்தில் பேச வேண்டியிருந்தது இது ஒன்றுதான். புழு, மழை எல்லாம் உங்களை உட்கார வைக்கச் சொன்னது.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு: இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் ஒரு வழிகாட்டுதல் தந்தது. நாய் வளர்க்கக் கூடாது என்று குடியிருப்போர் சங்கம் தடை போட முடியாது என்கிறது. அதைத்தான் நாம் எல்லாரும் போனில் காட்டிக்கொண்டு திரிகிறோம். வளர்ப்பவர் பொது இடத்தை அள்ளிச் சுத்தம் செய்ய ஊக்குவிக்க வேண்டும் என்று அதே தாளில் கீழே இருக்கிறது. அந்தப் பகுதியை யாரும் ஃபார்வர்ட் பண்ணவில்லை. நியூயார்க் நகரத்தில் 1978-லேயே அள்ளாவிட்டால் அபராதம் என்று சட்டம் வந்துவிட்டது.

தெருநாய் போடுவதை யார் அள்ளுவது? நியாயமான கேள்வி, அதுதான் அதிகமும். அதற்குக் கருத்தடை வேண்டும். 2023-ல் வந்த விதிகள் அந்தப் பொறுப்பை உள்ளாட்சியிடம் கொடுத்திருக்கின்றன, மனு எழுதுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் தெருநாய்க்கு ஆள் இல்லை என்பதால் நம் நாய்க்கும் ஆள் இல்லை என்று ஆகிவிடாது.

எப்படி அள்ளுவது? பிளாஸ்டிக் கேரி பேக்கை நம் மாவட்டத்தில் மாநிலத்துக்கு முன்னாலேயே தடை செய்துவிட்டார்கள், நல்லதுதான். நான் கமுகம்பாளையை, அதுதான் பாக்கு மரத்துப் பாளையை, இரண்டு சாண் அளவுக்கு வெட்டி வைத்திருக்கிறேன். ஒரு துண்டால் தள்ளி இன்னொன்றில் ஏற்றினால் முடிந்தது. பாளை கிடைக்காதவர்களுக்குப் பழைய செய்தித்தாள். வீட்டுக்குக் கொண்டுவந்து கக்கூஸில் தள்ளித் தண்ணீர் விடுங்கள், தாளை மட்டும் உள்ளே போடாதீர்கள். தோட்டம் உள்ளவர்கள் குழி வெட்டிப் புதைக்கலாம். கிணற்றுக்கு நன்றாகத் தள்ளி, கீரைப் பாத்திக்கும் தள்ளி. மட்கும் குப்பை வாளியில் மட்டும் வேண்டாம், அது உரமாகி யாருடைய கத்தரிக்காய்க்கோ போகும். பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குட்டிக்கு இரண்டாம் வாரத்தில் இருந்தே புழு மருந்து, பெரிய நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. அட்டவணை வேண்டுமானால் வீட்டுக்கு வாருங்கள், எழுதித் தருகிறேன்.

நாலாவது வீட்டு அம்மா இப்போது இல்லை. அவர் மகள் முன்வரிசையில் இருக்கிறார். அன்றைக்கு நான் திரும்பிப் போய், வீட்டில் இருந்து சிரட்டையும் சாம்பலும் எடுத்து வந்து அள்ளினேன். கோலம் போனது போனதுதான். அவர் மறுபடி மாவு எடுத்து வந்து, நான் கழுவின இடம் காய்கிறவரை நின்று, பிறகு போட்டார்.

பாளைத் துண்டுகள் வடைத் தட்டுக்குப் பக்கத்து மேசையில் இருக்கின்றன, நன்றாகக் கழுவினவை. நாய் வைத்திருப்பவர்கள் ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் வடையை எடுத்துக்கொள்ளலாம்.