சவளும் காதும்

வணக்கம் நேயர்களே. ஐம்புலன்களைப் பற்றிப் பேசச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். இருக்கிற நேரத்துக்குள் ஐந்தும் நடக்காத காரியம். நான் காதோடு நிற்கிறேன். உயிரியல் படிப்பித்த காலம் முழுக்க எனக்குக் காது என்றால் ஒரு பைத்தியம்.

என் பெரியப்பா யாழ்ப்பாணத்துப் பாசையூரில் கடற்றொழில் செய்தவர். சின்ன வயதில் ஒருமுறை என்னை மட்டக்களப்புக்குக் கூட்டிப்போனார். அந்த வாவியின் பாடும் மீனைக் கேட்காமல் திரும்புவதா? பௌர்ணமி இரவு, கல்லடிப் பாலத்தடியில் ஒரு வள்ளம் பிடித்து ஏறினோம். நான் காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறேன். நுளம்புதான் பாடியது. வள்ளக்காரர் சிரித்துவிட்டு, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டார். “மறுமுனையில் காதை வை தம்பி.” வைத்தேன். ஈரக் கையால் வீணைத் தந்தியைத் தொட்டதுபோல ஒரு முனகல், விட்டுவிட்டு. காதை எடுத்தால் இல்லை. வைத்தால் இருக்கிறது. எடுத்தால் இல்லை. “எங்கட சவளும் இதைச் செய்யும்தானே, ஒருத்தரும் வைச்சுப் பார்க்கேல்லை” என்றார் பெரியப்பா. சவள் என்றால் துடுப்பு.

பாடுவது மீனா மட்டியா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. எனக்கு அது பெரிதில்லை, துடுப்புத்தான் பெரிது.

கீரிமலைக் கேணியில் முங்கியவர்களுக்குத் தெரியும்: தலை உள்ளே போனதும் படியில் நிற்பவரின் கூப்பாடு அடங்கிப்போகும். காற்றும் தண்ணீரும் சந்திக்கிற இடத்தில் ஒலியின் வலுவில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் தாண்டும். மிச்சம் திரும்பிவிடும். உள்ளேயிருந்து வெளியே வந்தாலும் அதே கணக்கு. துடுப்பின் மரத்துக்குள் தண்ணீரின் ஒலி சுலபமாக ஏறும், மரத்திலிருந்து நம் எலும்புக்குள் இறங்கும். அந்த வள்ளக்காரர் கையில் இருந்தது புலனை நீட்டுகிற கருவி, மின்கலம் இல்லாதது.

சரி, இப்போது நம் காதுக்குள் வாருங்கள். அங்கேயும் ஒரு கேணி இருக்கிறது! உட்காதின் நத்தைச் சுருள் முழுக்கத் திரவம். காற்றில் வரும் பேச்சு அதற்குள் இறங்க வேண்டும். அதே ஆயிரத்தில் ஒரு பங்கு வில்லங்கம். அதற்காகத்தான் நடுவில் மூன்று குட்டி எலும்புகள். கடைசி எலும்பு, குதிரைக்காரர் கால் வைக்கிற அங்கவடி மாதிரி, நீளம் ஏறக்குறைய 3 மில்லிமீற்றர். செவிப்பறையின் பரப்பு அதன் அடித்தட்டைப்போல ஏறக்குறைய 17 மடங்கு. பெரிய பரப்பில் வாங்கிய அழுத்தம் சின்னப் பரப்பில் குவிகிறது. குதி உயர்ந்த செருப்பால் காலை மிதித்தால் ஏன் உயிர் போகிறது? அதேதான். துடுப்பின் வேலையை இந்த எலும்புகள் மறுதிசையில் செய்கின்றன.

திரவம் அசைந்தால், சுருளுக்குள் இருக்கும் மயிர்க்கலங்களின் நுனியில் உள்ள நுண்மயிர்கள் வளையும், கலங்கள் நரம்புக்கு மின்சேதி அனுப்பும். மீனின் விலாக்கோட்டிலும், அதாவது தண்ணீரின் அசைவை உணரும் பக்கக் கோட்டிலும், இதே மாதிரிக் கலங்கள்தான். வள்ளத்தில் தட்டினால் மீன் கலைவது சும்மா இல்லை. நமக்கு ஒரு காதுக்கு ஏறக்குறைய 15,000 மயிர்க்கலங்கள். ஷெல் சத்தமோ வயதோ அழித்தால் மனிதருக்குத் திரும்ப முளைக்காது. கோழிக்கு முளைக்கும்! சுருளின் வாசலில் இருப்பவை உயர்ந்த சுருதியில் கீச்சென்ற ஒலிகளுக்கு. பெரும்பாலும் அவைதான் முதலில் போகும். ‘ச’, ‘த’ போன்ற மெய்கள் அந்தப் பக்கம். உயிரெழுத்துகள் தப்பிவிடும். அதனால்தான் என் பெரியம்மா “கேக்குது மோனை, விளங்கேல்லை” என்பார். செவிக்கருவி வாங்கிக் கொடுத்தோம். இரண்டாம் நாள் அது அலுமாரிக்குள். “கோழி கத்துறதும் கரண்டி விழுறதும் தலையைப் பிளக்குது, நீ கதைக்கிறது மட்டும் அப்படியேதான் இருக்கு.” கருவியின் பிழை இல்லை, எங்கள் அவசரம். யாருக்கு எந்தச் சுருதி குறைந்தது என்று அளந்து, அதை மட்டும் கூட்டி, இரண்டு மூன்று தரம் திருத்த வேண்டும். மூளைக்கும் பழக நாள் வேண்டும்.

கலையகக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி நேரமாயிற்று என்று கையைக் காட்டுகிறார். வௌவாலை விட்டுவிடுகிறேன். ஒன்று மட்டும்: இலுப்பைக்கு வரும் பெரிய வௌவால் கண்ணையும் மூக்கையும் நம்புகிறது, எதிரொலியால் பூச்சி பிடிப்பது சின்னது. காதுக்கே திரும்புவோம்: மயிர்க்கலங்களே இல்லாதவருக்கு நத்தைச் சுருளுக்குள், நரம்புக்கு மின்சேதி கொடுக்கும் மின்வாய்கள் உள்ள இழை பதிக்கிறார்கள், ஒரு வகைக் கருவியில் 22 மின்வாய்கள். 15,000 பேரின் வேலையை 22 பேர்! பிறவியிலேயே கேளாத பிள்ளைக்கு அதைச் சின்ன வயதிலேயே, மொழி படியும் பருவத்துக்குள் பொருத்தினால்தான் நல்ல பலன். பிள்ளை சத்தத்துக்குத் திரும்பவில்லை என்றால் “பிந்திப் பேசும்” என்று இருக்காமல் காதைச் சோதியுங்கள். சரி தம்பி, முடித்துவிட்டேன். வணக்கம்.