சிலிண்டரில் இருந்த பன்னிரண்டரைக் கிலோ

வணக்கம். போன மாதம் வீட்டில் கேஸ் முடிந்தது. வெறும் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு படி இறங்கும்போது பேத்தி கேட்டாள்: "தாத்தா, உள்ள இருந்த பன்னிரண்டரைக் கிலோவும் எங்க போச்சு? விறகுன்னா சாம்பலாவது மிஞ்சும்."

விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவன் நான். பதில் சொல்லாமல் இருக்க முடியுமா?

வானொலியில் கரும்பலகை இல்லை. ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். கேஸில் இருப்பவை புரொப்பேனும் பியூட்டேனும். முதலில் புரொப்பேன். ஒரு மூலக்கூறில் 3 காபன், 8 ஐதரசன். ஒட்சிசனோடு எரிந்து காபனீரொட்சைட்டும் நீரும் ஆகிறது. மூன்று காபனுக்கு மூன்று காபனீரொட்சைட்டு. எட்டு ஐதரசனுக்கு நான்கு நீர். இப்போது வலப்பக்கத்து ஒட்சிசன் அணுக்களை எண்ணுங்கள்: காபனீரொட்சைட்டில் ஆறு, நீரில் நான்கு, மொத்தம் பத்து. ஒரு ஒட்சிசன் மூலக்கூறில் இரண்டு அணு. ஆக இடப்பக்கம் ஐந்து ஒட்சிசன் மூலக்கூறு. ஒட்சிசனைக் கடைசிக்கு வைத்தால் வேலை சுலபம்.

பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஒட்சிசன் போதவில்லை என்றால் நீரின் சூத்திரத்துக்குள்ளேயே ஒரு சின்ன இரண்டைச் செருகிவிடுவார்கள். கணக்குச் சரியாகிவிடும். ஆனால் அது நீரில்லை, ஐதரசன் பேரொட்சைட்டு! நீர்க்கச் செய்து காயம் கழுவுவார்கள், குடிக்க முடியாது. எண்ணிக்கையைச் சூத்திரத்துக்கு முன்னால்தான் போடவேண்டும்.

பியூட்டேனில் 4 காபன், 10 ஐதரசன். அதே வழியில் போனால் ஆறரை ஒட்சிசன் வந்து நிற்கும். அரைநாள் வேலைக்கு அரைப்பேர் போடுவதெல்லாம் தேயிலைத் தோட்டத்தில்தான், மூலக்கூறுக்கு அரைப்பேர் கிடையாது. எல்லாவற்றையும் இரண்டால் பெருக்குங்கள்: 2 பியூட்டேன், 13 ஒட்சிசன், 8 காபனீரொட்சைட்டு, 10 நீர்.

சரி, திணிவுக்கு வருவோம். காலையில் வேலையாட்கள் கூடுகிற பெரட்டுக்களத்தில் ஆட்களை எண்ணுகிறோம், மாலையில் கொழுந்தை நிறுக்கிறோம். சமன்பாடு பெரட்டு மாதிரி, அதற்குத் தலைக்கணக்கு மட்டும்தான் தெரியும். தராசுக்கோ கிலோதான் தெரியும். இரண்டுக்கும் நடுவில் நிற்பது மூல்; டசின் மாதிரி, ஆனால் மிகப் பெரிய ஒரு குறித்த எண்ணிக்கை. ஐந்து ஒட்சிசன் என்றதும் ஐந்து கிராம் என்று எழுதுகிற பிள்ளை பெரட்டுச் சிட்டையைப் பார்த்துக் கொழுந்து நிறை சொல்கிறது.

ஒரு மூல் அணுக்களின் திணிவு கிராமில்: காபன் 12, ஐதரசன் 1, ஒட்சிசன் 16. அப்படியானால் ஒரு மூல் புரொப்பேன் 44 கிராம். ஐந்து மூல் ஒட்சிசன் 160. அந்தப் பக்கம் மூன்று மூல் காபனீரொட்சைட்டு 132, நான்கு மூல் நீர் 72. கூட்டிப் பாருங்கள், இரு பக்கமும் 204.

44 கிராம் எரிந்து 132 கிராம் காபனீரொட்சைட்டு. சரியாக மூன்று மடங்கு! சிலிண்டர் முழுக்கப் புரொப்பேன் என்றால் பன்னிரண்டரைக் கிலோவிலிருந்து முப்பத்தேழரைக் கிலோ காபனீரொட்சைட்டு. பியூட்டேன் என்றால் 38 கிலோவை ஒட்டி வரும். எந்தக் கலவையானாலும் பெரிய வித்தியாசமில்லை. உள்ளே இருந்ததைவிட வெளியே போனது கூட என்பதைக் கேட்டுப் பேத்தி நம்பவில்லை. மிச்சம் காற்றிலிருந்து வந்த ஒட்சிசன், புரொப்பேனுக்கு ஏறத்தாழ 45 கிலோ. நீரும் 20 கிலோ, அதாவது 20 லீற்றர் உண்டாகிறது. நுவரெலியாப் பக்கம் குளிர்காலையில் குசினிக் கண்ணாடியில் வழிகிற தண்ணீரில் அதுவும் கொஞ்சம் இருக்கும்.

உங்களுக்கு ஒரு கணக்கு. கவ்வாத்து வெட்டிய தேயிலை மலைக்குப் போடுகிற தொலமைற்று என்ற கல்தூள் மண்ணின் புளிப்பைக் குறைக்கிறது. தூய தொலமைற்று ஒரு மூல் 184 கிராம், அதில் காபனேற்று இரண்டு, ஒவ்வொன்றும் ஒரு காபனீரொட்சைட்டு தரும். 50 கிலோ முழுவதும் அமிலத்தோடு தாக்கமுற்றால் எத்தனை கிலோ காபனீரொட்சைட்டு? 24 கிலோவுக்குச் சற்றுக் குறைவாக வரவேண்டும். 12 வந்தவர்கள் அந்த இரண்டை மறந்துவிட்டீர்கள். வணக்கம்.